ஐரிஷ் குடும்பத்தோடு ஒரு வார இறுதி: எதை எப்போது கேட்பது

அயர்லாந்துக்குப் படிக்க வந்த சில மாதங்களில் யாராவது உங்களை வீட்டுக்கு அழைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஒரு குடும்பத்தை ஏற்பாடு செய்யலாம். வகுப்புத் தோழி 'எங்க ஊருக்கு வாயேன்' என்று கூப்பிடலாம். வெள்ளி மாலை போய், இரண்டு இரவு தங்கி, ஞாயிறு திரும்புவது வழக்கம். கால்வேயில் படித்தபோது நான் முதலில் போய்த் தங்கியது, கிளேர் கவுண்டியில் மாடு வளர்க்கும் ஒரு வீட்டில். பிறகு புதிதாக வந்த பலரை வழியனுப்பி வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு அவர்கள் கொண்டுவரும் கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஐரிஷ் வீட்டில் நீங்கள் எதையாவது தப்பாகச் செய்தால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். 'யூ ஆர் கிராண்ட்' என்பார்கள். அங்கே கிராண்ட் என்றால் பிரமாதம் என்று பொருளல்ல. 'பரவாயில்லை, விடு' என்று பொருள். மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகினாலும் கிராண்ட்தான். அதனால் தப்பு நடந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. கேட்க வேண்டியதை அந்தந்த நேரத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

1. அழைப்பு வந்த அன்றே மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, வீட்டின் எயர்கோடு. இது ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த அஞ்சல் குறியீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக உண்டு. கிராமத்து வீடுகள் பலவற்றுக்குக் கதவு எண்ணே கிடையாது. ஊர்ப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் டாக்சிக்காரரும் தேடுவார், நீங்களும் தேடுவீர்கள். எயர்கோடை மொபைலில் வைத்துக்கொள்வதோடு ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கக் கிராமச் சாலைகளில் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும்.

இரண்டாவது, வீட்டில் நாய் உண்டா என்பது. பண்ணை வீடென்றால் அநேகமாக இருக்கும், சில வீடுகளில் வீட்டுக்குள்ளேயே சுற்றும். உங்களுக்கு நாய் பயம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் போய் அலறிக்கொண்டு காருக்குள் திரும்ப ஏறிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நாயை இரண்டு நாளும் கொட்டகையில் கட்டிப்போட்டார்கள். இரண்டு நாளும் அது அழுதுகொண்டே இருந்ததாம்.

மூன்றாவது, யாருக்காவது எந்த உணவாவது ஒவ்வாமையா என்பது. நீங்கள் கொண்டுபோகப் போகும் தின்பண்டத்துக்காக இந்தக் கேள்வி. காரணம் 5-ஆவது படியில் வருகிறது.

2. உணவைப் பற்றி வியாழனுக்குள் எழுதுங்கள்

இந்த வார இறுதியில் மிக அதிகமாகச் சொதப்பும் இடம் இதுதான். வியாழன் என்று சொல்வதற்குக் காரணம், வீட்டம்மா பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே கடைக்குப் போய் எல்லாம் வாங்கி வைத்துவிடுவார். கிராமத்தில் அடுத்த கடை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபின் 'நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன்' என்றால் அவருக்கு வேறு வழியே இருக்காது.

'நான் வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நாம் சைவம் என்று சொல்வதும் அவர்கள் வெஜிடேரியன் என்று புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அவர்கள் கணக்கில் முட்டை உண்டு. வயதானவர்கள் சிலர் மீனையும் சேர்த்துக்கொள்வார்கள். எது வேண்டாம், எது சரி என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: 'மாடு, பன்றி, கோழி, மீன், முட்டை வேண்டாம், பால், வெண்ணெய், சீஸ், உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள், ரொட்டி எல்லாம் மகிழ்ச்சியாகச் சாப்பிடுவேன்.' இரண்டாம் பாதிதான் முக்கியம். 'வேண்டாம்' பட்டியலை மட்டும் அனுப்பினால் எதைச் சமைப்பது என்று அந்த வீடே கவலையில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இறைச்சிதான் தந்திரமானது. பேக்கனும் முட்டைக்கோஸும் அங்கே வழக்கமான சாப்பாடு. அது நாம் நினைக்கும் மெல்லிய துண்டு இல்லை; பெரிய பன்றி இறைச்சித் துண்டு, தண்ணீரில் வேகவைத்தது. பல வீடுகளில் அதே தண்ணீரில்தான் முட்டைக்கோஸையும் வேகவைப்பார்கள். தட்டில் கோஸை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு சைவம் சாப்பிட்டதாக நினைத்தவர்கள் பலர். ரோஸ்ட் உருளைக்கிழங்கு விலங்குக் கொழுப்பில் வெந்திருக்கலாம். கிரேவி இறைச்சிச் சாற்றிலிருந்து வருவது. சூப்பின் அடிப்படைத் தண்ணீர் கோழி எலும்பு கொதித்ததாக இருக்கலாம். ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கும்.

காலை உணவுத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துண்டுகள் வரும். கறுப்பு, பிளாக் புடிங். அதில் பன்றி ரத்தம் இருக்கிறது. 'அப்படியென்றால் வெள்ளை சைவம்' என்று ஒரு தம்பி முடிவு கட்டி இரண்டு துண்டு சாப்பிட்டான். வெள்ளைப் புடிங்கில் ரத்தம் இல்லை என்பது மட்டும்தான் உண்மை, அதுவும் பன்றிதான்.

ஹலால் பார்ப்பவர்கள் 'மீனும் முட்டையும் காய்கறியும் போதும்' என்று எழுதிவிடுவது எளிது. கிராமத்தில் ஹலால் கோழி தேடி அவர்கள் நகரம் வரை கார் ஓட்டக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சிரமத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

3. திரும்பும் பஸ்ஸை முதலில் பாருங்கள்

எல்லோரும் போகும் டிக்கெட்டை முதலில் எடுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறப் பேருந்துகள் குறைவு. லோக்கல் லிங்க் சிறு பேருந்துகள் சில தடங்களில் அன்று ஓடவே ஓடாது. ஞாயிறு கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகுதான் மற்றதைத் திட்டமிட முடியும்.

மதியம் பன்னிரண்டு மணி வண்டியைப் பிடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பெரிய சாப்பாடு பல வீடுகளில் மதியம் ஒன்று முதல் மூன்றுக்குள் நடக்கும். அந்த வார இறுதியின் மையமே அதுதான். நாலு மணிக்கு மேல் கிளம்பும் வண்டியைத் தேடுங்கள்.

டப்ளினிலிருந்து ரயிலில் போகிறவர்கள் எந்த நிலையம் என்று இருமுறை பாருங்கள். கால்வே, கார்க், லிமரிக் பக்கம் என்றால் ஹியூஸ்டன். ஸ்லைகோ, பெல்ஃபாஸ்ட், வெக்ஸ்ஃபோர்டு என்றால் கானலி. இரண்டையும் லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம் இணைக்கிறது என்றாலும், வெள்ளி மாலை நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி ரயிலைப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. கால்வேயில் ரயில் நிலையமும் ஃபேர்கிரீன் பேருந்து நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நில்லுங்கள்.

கிராம நிறுத்தத்தில் பேருந்து தானாக நிற்காது. கையை நீட்ட வேண்டும். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது அங்கே எல்லோரும் செய்வது.

4. பையில் என்ன வைப்பது

குடை வேண்டாம். மேற்கில் காற்று அதை அஞ்சு நிமிஷத்தில் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு ஒன்று, தடிமனான காலுறை மூன்று ஜோடி, சேறானாலும் பரவாயில்லை என்கிற காலணி ஒன்று. வீட்டுக்குள் கனமான ஒரே ஸ்வெட்டரைவிட அடுக்கடுக்காக மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. அடுப்பருகே வேர்க்கும், படுக்கையறையில் நடுங்கும். ஒரே வீட்டில் இரண்டு பருவம்.

தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் தலையணைமேல் விரிக்கப் பழைய துண்டு ஒன்று கொண்டுபோங்கள். வெளிர்நிற உறையில் எண்ணெய்க் கறை போகாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குறுகிய வாய் பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள். வாயகன்ற டப்பா போதும்.

கூடவே ஒரு காலி தண்ணீர் பாட்டில். எதற்கு என்று 7-ஆவது படியில் சொல்கிறேன்.

5. பரிசு: சிறியதாக, வாசலிலேயே

வெறுங்கையோடு போகக் கூடாது. அதே சமயம் பெரிதாகவும் வேண்டாம். விலை உயர்ந்ததைக் கொடுத்தால் அவர்கள் சங்கடப்படுவார்கள். ஒரு சாக்லேட் பெட்டியோ பூங்கொத்தோ போதும்.

ஊரிலிருந்து வந்தது ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எது என்பதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. பால்கோவா, நெய் எல்லாம் இதில் மாட்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நல்ல தேர்வுதான், ஆனால் அது வேர்க்கடலை. நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. முதல் படியில் கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்வி இதற்காகத்தான். என் அனுபவத்தில் நீலகிரித் தேயிலைதான் அதிக நேரம் பேசப்பட்டது. அங்கே பாரிஸ் (Barry's) டீயா, லயன்ஸ் (Lyons) டீயா என்று இரண்டு தேயிலைப் பெயர்களுக்குக் குடும்பத்துக்குள்ளேயே கட்சி பிரிந்திருப்பார்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா?

ஒயின் வாங்க நினைத்தால் நேரம் பாருங்கள். கடைகளில் மது விற்பனை வார நாளிலும் சனியிலும் காலை 10:30 முதல் இரவு 10 வரை. ஞாயிறு பகல் 12:30-க்குப் பிறகுதான். அதற்கு முன் அலமாரியில் பாட்டில் இருந்தாலும் கல்லாவில் விற்க மாட்டார்கள்.

6. முதல் பத்து நிமிஷம்: பெயர், செருப்பு, டீ

அங்கிள், ஆன்ட்டி, சார், மேடம் எதுவும் வேண்டாம். எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு நாக்கு கூசும். சனி மதியத்துக்குள் பழகிவிடும்.

ஐரிஷ் பெயர்களை எழுத்தைப் பார்த்துப் படித்தால் தப்பாகத்தான் வரும். 'நியாம்' போலத் தெரிவது 'நீவ்'. 'சியோபன்' போலத் தெரிவது 'ஷிவான்'. 'அவோய்ஃபே' போலத் தெரிவது 'ஈஃபா'. குழந்தைகள் உட்பட வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் முன்னாலேயே வாங்கி, எப்படிச் சொல்வது என்று உடன் படிக்கும் ஐரிஷ் நண்பரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் அது ஆங்கிலத்தைவிடச் சரியாகவே விழும்.

செருப்பைக் கழற்றலாமா என்று கேளுங்கள். சில வீடுகளில் கழற்றுவார்கள், சில வீடுகளில் மாட்டார்கள். கிராமத்தில் முன்வாசல் கதவு பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள், சேற்றுக் காலணியும் அங்கேதான் கிடக்கும்.

உட்கார்ந்ததும் டீ கேட்பார்கள். முதல் 'வேண்டாம்' கணக்கில் வராது. அது மரியாதைக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேட்பார்கள். நம் வீடுகளிலும் இதே கதைதானே. ஆனால் இளம் குடும்பங்களில் முதல் மறுப்பையே எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். குடிக்க ஆசை இருந்தால் பிகு பண்ணாமல் உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். உண்மையாகவே வேண்டாம் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். 'இப்போதுதான் இரண்டு கப் குடித்தேன்' என்றால் விட்டுவிடுவார்கள். பால் கலந்த டீதான் வரும். சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

7. குளியலறையைப் பற்றி முதல் இரவே கேளுங்கள்

காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரிய பிழை. காலையில் அவர்கள் மாட்டுக்குத் தீனி வைக்கவோ பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவிடவோ போயிருப்பார்கள். வெந்நீர் எப்படி என்று தெரியாமல் துண்டோடு நிற்பீர்கள். வெள்ளி இரவு தூங்கப் போகும் முன், 'ஷவரை எப்படிப் போடுவது, காட்டுகிறீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெந்நீர் இரண்டு வழியில் வரலாம். ஒன்று மின் ஷவர்: சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, தானே தண்ணீரைச் சூடாக்கும். இதன் மின்சாரத்தைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தோ, வெளிச் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டோதான் கொடுக்க முடியும். கயிற்றை இழுக்காமல் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. முடிந்ததும் மறுபடி இழுத்து அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது இமர்ஷன். செம்பு உருளையில் தண்ணீரை மின்கம்பி சூடாக்குவது. அதில் 'சிங்க்', 'பாத்' என்று இரண்டு நிலை இருக்கும். சிங்க் என்றால் உருளையின் மேல்பகுதித் தண்ணீர் மட்டும் சூடாகும். பாத் என்றால் முழு உருளையும். இமர்ஷனை அணைக்காமல் விடுவது ஐரிஷ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் திட்டு வாங்கும் குற்றம். சொந்தப் பிள்ளைகளைத்தான் திட்டுவார்கள், உங்களுக்குக் கிராண்ட். நீங்களாக அதைத் தொடாமல் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

இனி தரை. நம் குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும். அங்கே பெரும்பாலும் இருக்காது. மேல்மாடியில் மரப்பலகைமேல்தான் தரையே. வாளியில் எடுத்து ஊற்றிக் குளிப்பது போல் குளித்தால் தண்ணீர் நேராகச் சமையலறைக் கூரைக்குப் போகும். முதல் காலை நான் திரைச்சீலையைத் தொட்டிக்கு வெளியே விட்டுக் குளித்தேன். கீழே இறங்கி வந்தபோது மேசை நடுவில் ஒரு பாத்திரம், அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் 'கிராண்ட் மார்னிங்' என்றார். திரைச்சீலையின் அடி ஓரம் தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

கழிப்பறையில் காகிதம்தான். கொண்டுபோன பாட்டிலைக் குழாயில் நிரப்பி உள்ளே எடுத்துப் போனால் உங்கள் பாடு தீர்ந்தது. தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துடைப்பான்களைக் கழிவறைக்குள் போடாதீர்கள். கிராமத்து வீடுகளுக்குச் சொந்த செப்டிக் தொட்டி. அடைத்தால் அவர்கள்தான் தோண்ட வேண்டும்.

'டவல் ஹாட் பிரெஸ்ஸில் இருக்கிறது' என்று சொன்னால் இஸ்திரிப் பெட்டியைத் தேடாதீர்கள். அங்கே பிரெஸ் என்றால் அலமாரி. வெந்நீர் உருளை இருக்கும் சூடான அலமாரிதான் ஹாட் பிரெஸ்.

8. பேச்சு: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

மழையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உங்கள் ஊர் வெயிலைச் சொன்னால் அரை மணி நேரம் போகும்.

விவசாயியிடம் 'எத்தனை ஏக்கர்? எத்தனை மாடு?' என்று கேட்காதீர்கள். நமக்கு அது அக்கறையான கேள்வி. அங்கே அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி. 'இந்த வருஷம் புல் எப்படி?' என்று கேளுங்கள், அவரே எல்லாவற்றையும் சொல்வார்.

அயர்லாந்தை பிரிட்டனோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள். 'இங்கே யூகேவில்' என்று வாய் தவறி வந்தால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

உள்ளூர் வானொலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நேரம் சமையலறை அமைதியாகிவிடும். நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் தேவாலய மணி ஒலிக்கும். பெட்டியில் கோளாறு இல்லை, அதன் பிறகுதான் செய்தி.

'ஐ வில், யா' என்று ஒருவர் இழுத்துச் சொன்னால் செய்ய மாட்டார் என்று பொருள். 'கிவிங் அவுட்' என்றால் எதையோ கொடுப்பது இல்லை, திட்டுவது. மற்றதெல்லாம் கேட்கக் கேட்கப் புரியும்.

9. சனிக்கிழமை வெளியே

பண்ணையைச் சுற்றிக் காட்டுவார்கள். வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடி. ஒரு மந்தை இன்னொன்றோடு கலந்துவிட்டால் பிரிப்பதற்கு ஒரு நாள் ஆகும். மெல்லிய கம்பிவேலி எதையும் தொடாதீர்கள், மின்சாரம் ஓடலாம். கன்றோடு நிற்கும் மாட்டின் அருகே போகாதீர்கள். நம் வீட்டு லட்சுமி இல்லை அது. வருஷத்தில் பாதி நாள் மனித வாடையே படாமல் மேய்வது.

தனியாக நடக்கப் போனால் சொல்லிவிட்டுப் போங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பின்வாசலில் மஞ்சள் ஒளிர்சட்டை தொங்கும். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவிளக்கும் கிடையாது. கடந்து போகும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்துவார். அது வணக்கம். நீங்களும் கையை உயர்த்துங்கள். யாரென்று தெரிய வேண்டியதில்லை.

உள்ளூர் ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்) அல்லது கேலிக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாம். கோல் என்பது குறுக்குக் கம்பிக்குக் கீழே போவது, மூன்று புள்ளி. மேலே போனால் ஒன்று; கேலிக் கால்பந்தில் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தது மேலே போனால் இரண்டு. ஸ்கோரை இரண்டு எண்ணாக எழுதுவார்கள்: 1-12 என்றால் ஒரு கோல், பன்னிரண்டு புள்ளி, மொத்தம் 15. இது தெரிந்தால் பக்கத்தில் நிற்பவரோடு பேச விஷயம் கிடைத்துவிடும்.

10. இரவு பப்

குடிக்கிறீர்களோ இல்லையோ, அழைத்தால் போங்கள். ஊரே அங்கேதான் இருக்கும். ஆனால் முறைவைத்து வாங்கும் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று இன்னொருவர். மூன்று சுற்று வாங்கிக்கொண்டு உங்கள் முறை வரும்போது எழுந்து போனால், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காரணம் முன்னமே சொன்னதுதான்.

குடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே 'எனக்கு ஒரு மினரல்' என்று சொல்லிவிடுங்கள். மினரல் என்றால் அங்கே குளிர்பானம். அப்போதும் சுற்றில் சேர்ந்து உங்கள் முறையை வாங்கலாம். வேண்டாம் என்றால் முதல் சுற்றிலேயே 'நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுவதும் தப்பில்லை.

11. நீங்கள் சமைப்பதாக இருந்தால்

ஒரு வேளை போதும், ஒரு பண்டம் போதும். சனி மாலையில் வையுங்கள். ஞாயிறு மதியம் அவர்களுடையது, அதில் கை வைக்காதீர்கள்.

தாளிப்பதற்கு முன் புகை எச்சரிக்கைக் கருவி எங்கே என்று பாருங்கள். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த மறு நொடி வீடு முழுக்க அலறும். காற்றாடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கூடத்துக் கதவை மூடிவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள்தூள், வெள்ளை மேடையிலும் பிளாஸ்டிக் கரண்டியிலும் ஒட்டிக்கொள்ளும். மரக்கரண்டியையும் எஃகுப் பாத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

உருளைக்கிழங்குப் பொரியல் செய்ய எல்லோரும் ஆசைப்படுவார்கள். அங்கே பரவலாகக் கிடைக்கும் ரூஸ்டர் கிழங்கு மாவுத்தன்மை உள்ளது. வெந்தால் உதிரும், பொரியல் களியாகிவிடும். அதை மசாலாக் கிழங்காக மசித்துவிடுங்கள், அல்லது சின்னக் கிழங்கு கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் சமைக்கவே வேண்டாம்: வேகவைத்த ரூஸ்டர் கிழங்கில் ஐரிஷ் வெண்ணெய் போட்டு, மேலே இட்லிப் பொடி தூவினால் அதற்கு ஈடில்லை. பொடி டப்பாவை மேசையில் வைப்பதற்கு முன் 'உங்கள் சாப்பாட்டில் உப்பு காரம் போதவில்லை என்பதற்காக இல்லை' என்று சிரித்துச் சொல்லிவிடுங்கள்.

சமையல் முடிந்ததும் குப்பை. பச்சைத் தொட்டியில் மறுசுழற்சி, பழுப்பில் உணவு மிச்சம், மீதி பொதுக் குப்பை என்பது வழக்கம். தொட்டி நிறம் சில இடங்களில் மாறும், கேளுங்கள். பானக் கேன்களையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் நசுக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அவற்றுக்கு 15 அல்லது 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுங்கினால் இயந்திரம் திருப்பி எடுக்காது.

12. ஞாயிறு: மாஸும் மதியச் சாப்பாடும்

மாஸுக்கு, அதாவது தேவாலயத் திருப்பலிக்கு, வருகிறீர்களா என்று கேட்கலாம். எல்லா வீடுகளிலும் இல்லை, வயதானவர்கள் இருக்கும் வீட்டில். போகலாம், 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்றும் சொல்லலாம். போனால், எல்லோரும் நிற்கும்போது நில்லுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். நற்கருணை வாங்க வரிசை நகரும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இருக்கையிலேயே இருந்துவிட வேண்டும். வரிசையில் போய் அப்பத்தை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பெரிய பிழை. அவர்கள் அமைதியாக இருக்க முடியாத சில இடங்களில் அதுவும் ஒன்று. நம்மூர்ப் பூசைக்குப் பழகிய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு, தொடங்கியதும் முடிந்துவிட்டது போலிருக்கும்.

மதியச் சாப்பாட்டை 'டின்னர்' என்பார்கள். மாலை 'டீ' என்றால் வெறும் டீ இல்லை, ரொட்டியும் முட்டையும் குளிர்ந்த இறைச்சியுமாக ஒரு சிறு சாப்பாடு. 'ஞாயிறு டின்னருக்கு இரு' என்றால் இரவு என்று நினைத்து மதியம் பிஸ்கட் தின்று வயிற்றை நிரப்பாதீர்கள்.

முதல் தட்டைக் குறைவாக வாங்குங்கள். இரண்டாவது நிச்சயம் வரும், அதை வாங்கிக்கொள்வதுதான் சமைத்தவருக்கு மகிழ்ச்சி. சாப்பிட்டதும் தட்டுகளை எடுத்து வைக்க எழுந்திருங்கள். 'உட்கார், உட்கார்' என்பார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பாத்திரம் துடைக்கும் துணியைக் கையில் எடுத்துவிட்டால் பிடுங்க மாட்டார்கள். உண்மையான பேச்சு அங்கே, கழுவுதொட்டிப் பக்கத்தில்தான் நடக்கும்.

13. கிளம்புவது

காலையிலேயே 'படுக்கை விரிப்பைக் கழற்றி வைக்கவா?' என்று கேளுங்கள். சரி என்றால் கழற்றி மடித்துக் கட்டில்மேல் வையுங்கள். அறையின் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.

விடைபெறுவது அரை மணி நேரச் சடங்கு. சமையலறையில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை, காரில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக ஒரு முறை. பேருந்து 4:30-க்கு என்றால், நிறுத்தம் பத்து நிமிடத் தூரமானாலும் 3:45-க்கே 'கிளம்பட்டுமா' என்று எழுந்திருக்க வேண்டும். கையில் ரொட்டியோ ஆப்பிள் டார்ட்டோ பொட்டலமாகத் தருவார்கள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

14. திரும்பிய பிறகு

அறைக்கு வந்ததும் 'சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு செய்தி. அந்த வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றி அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் எவ்வளவு நீளமாக எழுதினாலும் அது அட்டைக்கு ஈடாகாது. அட்டை அடுப்புக்கு மேலுள்ள பலகையில் மாதக்கணக்கில் நிற்கும். பொதுவாக 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுதாமல் ஏதாவது ஒன்றைக் குறிப்பிடுங்கள்: நாயின் பெயர், அந்தப் பாட்டி சொன்ன கதை, கூரையில் ஒழுகிய தண்ணீர். முகவரி எயர்கோடோடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

'எப்போது வேண்டுமானாலும் வா' என்பதை மட்டும் நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். அது எல்லோருக்கும் சொல்வது. 'ஈஸ்டருக்கு வா', 'கன்று போடும் சமயம் வா' என்று காலம் குறித்துச் சொன்னால் உண்மையான அழைப்பு. அன்றே பதில் எழுதிவிடுங்கள், ஞாயிறு பஸ்ஸையும் பார்த்துவிடுங்கள்.